வேங்கைவயல்: தண்ணீரைக் குடித்தவர்களிடமே டிஎன்ஏ கேட்கலாமா? சட்டம் என்ன சொல்கிறது?

புதுக்கோட்டை மாவட்டம் கொடும்பாளூரில் நாளை காலை ஒரு வீட்டு வாசலில் போலீஸ் வந்து நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். "ஒரு கேஸ் விஷயமா ரத்தம் கொடுங்க, டிஎன்ஏ டெஸ்ட் எடுக்கணும்" என்கிறார்கள். அந்த வீட்டுக்காரர் மீது புகார் இல்லை. எஃப்ஐஆரில் பெயரும் இல்லை. "முடியாது" என்று அவரால் சொல்ல முடியுமா?

இதே மாவட்டத்தில் வேங்கைவயல் மக்கள் நிஜமாகவே சந்தித்த கேள்வி இது. அதுவும், மலம் கலந்த தண்ணீரைக் குடித்தவர்களிடமே அந்த ரத்தம் கேட்கப்பட்டது.

என்ன நடந்தது?

2022 டிசம்பர் 26. முட்டுக்காடு ஊராட்சி வேங்கைவயலில் பட்டியலின மக்கள் குடியிருப்புக்குத் தண்ணீர் தரும் மேல்நிலைத் தொட்டியில் மனிதக் கழிவு கலந்திருப்பது தெரியவந்தது. அதற்கு முன்பே குழந்தைகளுக்கு உடம்பு சரியில்லாமல் போயிருந்தது. மறுநாள் அப்போதைய கலெக்டர் கவிதா ராமுவும் எஸ்.பி. வந்திதா பாண்டேவும் ஊருக்குப் போனார்கள். விசாரித்தால், டீக்கடையில் இரட்டைக் குவளை, இறையூர் அய்யனார் கோயிலுக்குள் நுழையத் தடை என ஒவ்வொன்றாக வெளியே வந்தது. கலெக்டரே மக்களைக் கோயிலுக்குள் அழைத்துச் சென்றார்.

தொட்டி வழக்கு 2023 ஜனவரியில் சிபிசிஐடி கைக்குப் போனது. மார்ச்சில் ஓய்வுபெற்ற நீதிபதி எம்.சத்தியநாராயணன் தலைமையில் ஒருநபர் ஆணையத்தை சென்னை உயர் நீதிமன்றம் அமைத்தது.

டிஎன்ஏ சர்ச்சை எங்கே தொடங்கியது?

தொட்டியில் எடுத்த மாதிரியோடு ஒப்பிட, முதலில் 11 பேரிடம் ரத்தம் எடுக்க நீதிமன்றம் அனுமதித்தது. மூன்று பேர் கொடுத்தார்கள். வேங்கைவயலைச் சேர்ந்த 8 பேர் மறுத்துவிட்டார்கள். பாதிக்கப்பட்டவர்களையே குற்றவாளி மாதிரி நடத்துவதா என்பது அவர்கள் கேள்வி. விவகாரம் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போனது. அவர்கள் தரப்பைக் கேட்டு முடிவெடுங்கள் என்று கீழ் நீதிமன்றத்துக்கு உத்தரவு வந்தது. கேட்ட பிறகும் 'கொடுங்கள்' என்றே முடிவானது. கொடுத்தார்கள். கடைசியில் 30 பேருக்கு மேல் சோதித்தும் யாருடைய டிஎன்ஏவும் பொருந்தவில்லை.

மறுக்க உரிமை உண்டா?

கைதானவரின் ரத்தத்தை எடுக்கச் சட்டம் அனுமதிக்கிறது. ரத்தம் கொடுப்பது தனக்கு எதிராகத் தானே 'சாட்சி சொல்வது' ஆகாது என்பது 1961-ல் 11 நீதிபதிகள் அமர்வு வகுத்த கோட்பாட்டிலிருந்து வரும் நிலைப்பாடு. ஆனால் 2010-ல் செல்வி வழக்கில், சம்மதம் இல்லாமல் நார்கோ சோதனை நடத்தக்கூடாது என்றது உச்ச நீதிமன்றம். 2017-ல் தனியுரிமை அடிப்படை உரிமை ஆனது.

சரி, கைதாகாதவர்? இங்கேதான் சிக்கல். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ்-ன் 349-வது பிரிவுப்படி, கைதாகாதவரிடமும் கையெழுத்து, கைரேகை, குரல் மாதிரி கேட்டு மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். அந்தப் பட்டியலில் ரத்தம் இல்லை. டிஎன்ஏவுக்கென்றே தனிச்சட்டம் கொண்டுவரத் தாக்கலான மசோதாவை 2023 ஜூலையில் மத்திய அரசே திரும்பப் பெற்றுவிட்டது. வேங்கைவயலில் மாதிரி எடுத்துக்கொண்டிருந்த அதே மாதம்!

அப்படின்னா, கொடும்பாளூர்க்காரர் போலீஸிடம் கேட்க வேண்டியது நீதிமன்ற உத்தரவை. உத்தரவுக்கு முன்பு தன் தரப்பையும் கேட்கச் சொல்லலாம். அந்த 8 பேர் போராடிப் பெற்றது அவ்வளவுதான். சின்ன விஷயமாகத் தெரியலாம், ஆனால் போலீஸ் கேட்டதுமே கையை நீட்டுவதற்கும் இதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

வழக்கு தலைகீழானது எப்படி?

2025 ஜனவரியில் சிபிசிஐடி குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. அதில் இருந்தவர்கள் வேங்கைவயலைச் சேர்ந்த மூன்று பேர். ஊராட்சித் தலைவரின் கணவர் மீதான முன்விரோதமே காரணம் என்பது போலீஸ் தரப்பு. ஊர் மக்கள் இதை ஏற்கவில்லை. விசிக, சிபிஎம் கட்சிகள் சிபிஐ விசாரணை கேட்டன. நீதிமன்றத்தில் நிரூபணம் ஆகும்வரை இது குற்றச்சாட்டு மட்டுமே.

அடுத்து நடந்தது பெரிதாகப் பேசப்படவில்லை, பேசப்பட்டிருக்க வேண்டும். பட்டியலினத்தவர் அல்லாதவர் செய்தால்தான் வன்கொடுமை தடுப்புச் சட்டம் பொருந்தும். எனவே பிப்ரவரியில் வழக்கு சிறப்பு நீதிமன்றத்திலிருந்து சாதாரண மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்கு மாறியது. சாதிக் கொடுமைக்காகவே வந்த சட்டம் என்பதால் இந்த நிபந்தனையில் நியாயம் இருக்கிறது. ஆனால் விளைவைப் பாருங்கள். பட்டியலினத்தவர் குடிக்கும் நீரை மாசுபடுத்தினால் அந்தச் சட்டப்படி 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை. பொதுநீரை மாசுபடுத்தியதற்கு மட்டும் என்றால், பழைய இ.த.ச. 277-ன்படி அதிகபட்சம் 3 மாதம் அல்லது 500 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மற்ற கடுமையான பிரிவுகளும் சேரலாம் என்பது உண்மைதான். இருந்தாலும் குடித்தவர் அதே ஆள், தண்ணீரும் அதே தண்ணீர். செய்தவர் யார் என்பதைப் பொறுத்து, குடித்தவருக்கான பாதுகாப்பின் அளவே மாறிவிடுகிறது.

'எல்லோருக்கும் பொது' என்ற வாக்குறுதி

புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது 1948 மார்ச்சில். அதே ஆண்டு டிசம்பர் 10-ல் ஐ.நா. மனித உரிமைப் பிரகடனம் வந்தது. அதன் முதல் பிரிவில் ஆண்களை மட்டும் குறிக்கும்படி இருந்த சொல்லை 'மனிதர்கள் எல்லோரும்' என்று மாற்ற வைத்தவர் இந்தியாவின் ஹன்சா மேத்தா. ஆனால் 1993-ல் பாங்காக்கில் கூடிய ஆசிய அரசுகள், உரிமை பொதுவானதுதான், ஆனாலும் அந்தந்த நாட்டின் வரலாறு, பண்பாடு, மதப் பின்னணியையும் பார்க்க வேண்டும் என்றன. 2001-ல் டர்பன் நகரில் நடந்த இனவெறி எதிர்ப்பு மாநாட்டில் சாதியைப் பேச வேண்டும் என்று தலித் அமைப்புகள் கேட்டபோது, சாதி வேறு, இனம் வேறு, இது எங்கள் உள்விவகாரம் என்று இந்திய அரசு மறுத்தது. அதே இந்தியா 2010-ல், சுத்தமான குடிநீர் மனித உரிமை என்ற ஐ.நா. தீர்மானத்துக்கு ஆதரவாக வாக்களித்தது.

பண்பாட்டைக் காரணம் காட்டிப் பேசுவது பெரும்பாலும் அரசுகள்தான். தொட்டித் தண்ணீரைக் குடித்தவர்கள் தங்களுக்குத் தனி உரிமை எதுவும் கேட்கவில்லை. சுத்தமான தண்ணீர் வேண்டும், ரத்தம் எடுப்பதற்கு முன் தங்களையும் கேட்க வேண்டும் என்றார்கள், அவ்வளவுதான்.

இனி என்ன?

மூன்று பேர் மீதான குற்றச்சாட்டு நிற்குமா என்பதை நீதிமன்றம் முடிவு செய்யும். ஆனால் வழக்கு இடம் மாறியதில் இன்னொன்றும் கைவிட்டுப் போகிறது. ஜாமீன் மனு முதல் தண்டனை வரை ஒவ்வொரு கட்டத்திலும் பாதிக்கப்பட்டவரின் குரலைக் கேட்க வேண்டும் என்பது வன்கொடுமை தடுப்புச் சட்டத்தின் 15ஏ பிரிவு. அந்தச் சட்டம் பொருந்தாது என்று ஆன பிறகு, தண்ணீரைக் குடித்த மற்ற குடும்பங்கள் அந்தப் பிரிவைக் காட்டி நீதிமன்றத்தில் பேச முடியாது.