பனியன் மூட்டைக்கு சலான் உண்டு. பெண்ணின் சாட்சிக்கு இல்லையா?

திருப்பூர் ராயபுரத்தில் ஏதாவது ஒரு சின்ன பனியன் கம்பெனியில் கேட்டுப் பாருங்கள்.

"சாயப்பட்டறைக்குப் போன துணி இப்ப எங்க இருக்குதுங்க?"

சலான் புத்தகத்தைப் புரட்டி அடுத்த நிமிஷமே சொல்லிவிடுவார்கள். எத்தனை ரோல், எத்தனை கிலோ, என்றைக்குப் போனது, வாங்கிக் கையெழுத்துப் போட்டது யார்... எல்லாம் அதில் இருக்கும்.

துணிக்கு இவ்வளவு காவல்! ஆனால் பலாத்காரத்துக்கு ஆளான ஒரு பெண்ணிடம் ஆஸ்பத்திரியில் டாக்டர் எடுத்த தடயம் எங்கே போனது, யார் கையில் இருக்கிறது, பரிசோதனை முடிந்ததா? அந்தப் பெண்ணுக்கே தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டுமானால் போலீஸ் ஸ்டேஷனுக்கு நடையாய் நடக்க வேண்டியதுதான்.

சுருளி அருவி வழக்கு

இது சின்ன விஷயம் இல்லை. நம்ம தமிழ்நாட்டு வழக்கு ஒன்றே இதற்குச் சாட்சி.

2011ம் ஆண்டு மே மாதம். தேனி மாவட்டம் சுருளி அருவிக்குப் போன இளம் ஜோடி ஒன்று கொலை செய்யப்பட்டது. பெண் பலாத்காரம் செய்யப்பட்டதாக வழக்கு. ஒருவர் கைதானார். 2018ல் தேனி கோர்ட்டு தூக்குத் தண்டனை விதித்தது. 2019ல் மதுரை ஐகோர்ட்டும் அதை உறுதி செய்தது.

2025 ஜூலை 15ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு அவரை விடுதலை செய்துவிட்டது!

ஏன்? எடுத்த மாதிரிகள் ஆய்வகத்துக்குப் போய்ச் சேர ஏன் தாமதம்? விளக்கம் இல்லை. நடுவில் யார் யார் கையில் இருந்தது? நிரூபணம் இல்லை. மாதிரியில் வேறு ஏதும் கலந்திருக்குமோ என்ற சந்தேகம் வந்துவிட்டது. அதற்குப் பிறகு டி.என்.ஏ. அறிக்கைக்கு என்ன மதிப்பு?

தூக்குக் கயிற்றின் நிழலில் ஒரு மனிதர் ஆண்டுக்கணக்கில் இருந்தார். பிள்ளைகளைப் பறிகொடுத்த இரண்டு குடும்பங்களுக்கு 14 வருஷம் கழித்தும் விடை இல்லை. இரண்டு பக்கமும் நஷ்டம்.

48 மணி நேரம்

அதே தீர்ப்பில் சுப்ரீம் கோர்ட்டு நாடு முழுமைக்கும் உத்தரவு போட்டது.

மாதிரி எடுத்ததும் வழக்கு எண், தேதி, போலீஸ் ஸ்டேஷன், அதிகாரி விவரம் எழுதி, சீல் வைக்க வேண்டும். டாக்டர், அதிகாரி, சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும். 48 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். தாமதமானால் காரணத்தை எழுதி வைக்க வேண்டும். கோர்ட்டு அனுமதி இல்லாமல் சீலை உடைக்கக் கூடாது.

எல்லாவற்றுக்கும் மேல் ஒரு பதிவேடு. தடயம் ஒவ்வொரு கை மாறும்போதும் கொடுத்தவர், வாங்கியவர் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். பதிவேடு கோர்ட்டு ஆவணத்தோடு சேர வேண்டும். இல்லையென்றால் விசாரணை அதிகாரிதான் பதில் சொல்லியாக வேண்டும்.

பார்த்தீர்களா? இதுவும் சலான் புத்தகம்தான்!

ஆனால் ஒரு குறை. இந்தப் புத்தகம் போலீசாருக்கும் கோர்ட்டுக்கும் மட்டும். வழக்கின் நாயகியான பெண் அதைப் புரட்டிப் பார்க்க வழி சொல்லப்படவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

2024 ஜூலை 1ந் தேதி அமலுக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் நல்ல அம்சங்கள் உண்டு. தகவல் கிடைத்த 24 மணி நேரத்துக்குள் பெண்ணை டாக்டரிடம் அனுப்ப வேண்டும். 7 நாளில் டாக்டர் அறிக்கை தர வேண்டும். விசாரணையை 2 மாதத்தில் முடிக்க வேண்டும். விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்று 90 நாளுக்குள் பாதிக்கப்பட்டவருக்குச் சொல்ல வேண்டும்.

சரி. ஆனால் தடயப் பெட்டிக்கு ஒரு எண் கொடுத்து, அதைப் பெண்ணிடமும் கொடு என்று சட்டம் சொல்லவில்லை. 2019ல் மத்திய அரசு கொண்டுவந்த கம்ப்யூட்டர் கண்காணிப்பு முறையும் அதிகாரிகள் பார்ப்பதற்குத்தான்.

2025 ஜனவரியில் நம்ம சட்டசபை தண்டனையைக் கூட்டும் மசோதாவை நிறைவேற்றியது. வரவேற்கலாம். ஆனால் தண்டனை எத்தனை வருஷமாக இருந்தால் என்ன? சாட்சி கோர்ட்டு வரை ஒழுங்காய் வந்து சேர்ந்தால்தானே தண்டனை?

பக்கத்து ஊர் பொள்ளாச்சி வழக்கைப் பாருங்கள். 2025 மே 13ந் தேதி கோவை மகளிர் கோர்ட்டு 9 பேருக்கும் சாகும்வரை சிறை விதித்தது. அங்கே மின்னணு ஆதாரம் உறுதியாய் நின்றது. பெண்களும் பிறழாமல் சாட்சி சொன்னார்கள்.

அமெரிக்கப் பாடம்

அமெரிக்காவிலும் இதே கதை நடந்தது. 2009ல் டெட்ராய்ட்டு நகரில் போலீஸ் கிடங்கு ஒன்றில் 11 ஆயிரத்துக்கும் மேற்பட்ட தடயப் பெட்டிகள் பரிசோதிக்காமல் தூசி படிந்து கிடந்தன. பிறகு பரிசோதித்தபோது, திரும்பத் திரும்பக் குற்றம் செய்த நூற்றுக்கணக்கானவர்கள் சிக்கினார்கள். பெட்டி தூங்கிய காலத்தில் எத்தனை பெண்கள் பலியானார்களோ!

ஐடஹோ, வாஷிங்டன் மாநிலங்கள் 2016ல் விழித்துக்கொண்டு சட்டம் போட்டன. பெட்டிக்கு ஒரு எண். பெண்ணுக்கும் அதே எண். பெயர் சொல்ல வேண்டாம், யாரையும் கெஞ்ச வேண்டாம். பெட்டி ஆஸ்பத்திரியிலா, ஸ்டேஷனிலா, ஆய்வகத்திலா என்று தானே பார்த்துக்கொள்ளலாம். இன்று பல மாநிலங்களில் இது உண்டு.

திருப்பூருக்கு ஏன் அவசரம்?

நம்ம ஊர் விடுதிகளில் ஒடிசா, பீகார், ஜார்க்கண்டு பெண்கள் தங்கி வேலை செய்கிறார்கள். ஸ்டேஷனுக்கு ஒரு நாள் அலைந்தால் ஒரு நாள் கூலி போச்சு. பாஷை தெரியாது. பயந்துபோய் சொந்த ஊருக்குத் திரும்பிவிட்டால் வழக்கு என்ன ஆனது என்று கேட்க நாதி இல்லை. கையில் ஒரு எண் இருந்தால், ஆயிரம் மைல் தள்ளி இருந்தும் கேட்கலாம்.

பெரிய செலவு இல்லை. கூரியர் கம்பெனிக்காரர் 40 ரூபாய் பார்சலுக்குச் செய்கிற வேலைதான். தமிழக அரசு மனம் வைத்தால், சுப்ரீம் கோர்ட்டு சொன்ன பதிவேட்டையே கம்ப்யூட்டரில் ஏற்றி, பெண்ணுக்கு ஒரு எண் கொடுத்துவிடலாம்.

தெரிந்துகொள்ளுங்கள்

அதுவரை நாம் செய்யக்கூடியது இது. 2014ல் மத்திய சுகாதாரத்துறை வெளியிட்ட வழிமுறைப்படி 96 மணி நேரம் வரை தடயம் எடுக்கலாம். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. உடுத்தியிருந்த துணியைத் துவைக்க வேண்டாம். ஈரத்துணியை பிளாஸ்டிக் கவரில் கட்டினால் பூஞ்சை பிடிக்கும் என்று நம்ம ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. காகிதப் பையில் வையுங்கள்.

எப்.ஐ.ஆர். இல்லை என்று ஆஸ்பத்திரி திருப்பி அனுப்பக் கூடாது. தனியார் ஆஸ்பத்திரியும் இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும், மறுத்தால் குற்றம். எப்.ஐ.ஆர். நகல் இலவசம். உதவிக்கு 181.

மாதிரி எடுத்த மூன்றாம் நாள் விசாரணை அதிகாரியிடம் தைரியமாய் ஒரு கேள்வி கேளுங்கள்:

"48 மணி நேரம் ஆச்சுங்க... ஆய்வகத்தில் சேர்ந்தாச்சா?"