பட்டனைத் தட்டினா ஷாக் அப்ஸார்பர் மாறும்... படவேடு ரோட்டுக்கு அது தேவையா பாஸ்?

உங்க வீட்டு ஸ்ப்ளெண்டரின் பின்பக்க ஷாக் அப்ஸார்பரை எப்போதாவது குனிந்து பார்த்திருக்கிறீர்களா? ஸ்பிரிங்கின் அடியில் படிக்கட்டு மாதிரி வெட்டிய ஒரு வளையம் இருக்கும். மொத்தம் 5 படி. தனியாகப் போனால் கீழ்ப் படி, பின்னால் ஆள் உட்கார்ந்தால் மேல் படி. இதற்கென்றே கம்பெனி கொடுத்த வசதி அது. ஆனால் ஷோரூமிலிருந்து வந்த நாள் முதல் அந்த வளையம் அதே இடத்தில் துருப்பிடித்துக் கிடக்கும் வண்டிகள்தான் ஊரில் ஏராளம்.

இப்போது 20 லட்ச ரூபாய் பைக்குகளில் இதே வேலையை ஹேண்டில்பாரில் இருக்கும் ஒரு பட்டன் செய்கிறது. யூடியூப் ரிவ்யூக்களில் அதைப் பார்த்துவிட்டு, ‘நம்ம பட்ஜெட் பைக்குக்கு இது எப்போ வரும்?’ என்று கேட்காதவர்கள் குறைவு. வந்தால் வாங்கலாமா என்பது அதற்கு அடுத்த கேள்வி. அதை ஷோரூமில் நின்று யோசிக்காமல், ஒரு ரோட்டில் வைத்து யோசிப்போம்.

சென்னையிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலையில் படவேடு கிளம்புகிறீர்கள். வேலூர் வரை நான்குவழிச் சாலை, 80, 90-ல் போகலாம். அதன் பிறகு கண்ணமங்கலம், சந்தவாசல் வழியாக ஊர்ச் சாலை. ஸ்பீடு பிரேக்கர், திடீர் பள்ளம், வாழைத்தார் ஏற்றிக்கொண்டு வரும் டிவிஎஸ் எக்ஸ்எல் எல்லாம் உண்டு. ரேணுகாம்பாளைக் கும்பிட்டுவிட்டு போளூர் பக்கமாக ஜமுனாமரத்தூருக்கு ஏறினால் ஜவ்வாது மலையின் கொண்டை ஊசி வளைவுகள். ஒரே நாளில் மூன்று விதமான ரோடு. மூன்றுக்கும் ஒரே சஸ்பென்ஷன் செட்டிங் சரிப்படாது. நெடுஞ்சாலையில் வண்டி ஆடாமல் இருக்க கொஞ்சம் இறுக்கம் வேண்டும், பள்ளத்தில் இளக்கம் வேண்டும், வளைவில் பிரேக் பிடிக்கும்போது முன்பக்கம் சட்டென்று அமுங்கக் கூடாது. எலெக்ட்ரானிக் சஸ்பென்ஷனுக்கு ஆதரவான வாதம் முழுக்க இந்த ஒரு பாராவுக்குள் அடங்கிவிடும். அது நியாயமான வாதமும்கூட. ஏனென்றால், சந்தவாசலில் வண்டியை ஓரம்கட்டி யாரும் ஸ்பேனரைக் கையில் எடுக்கப்போவதில்லை!

அமுங்குவதும் திரும்புவதும்

சஸ்பென்ஷனில் மாற்றக்கூடிய விஷயங்கள் அடிப்படையில் இரண்டுதான். ஸ்பிரிங்கை முன்கூட்டியே எவ்வளவு அழுத்தி வைப்பது என்பது ‘ப்ரீலோட்’. ஸ்ப்ளெண்டரின் படிக்கட்டு வளையம் செய்வது இதைத்தான். இன்னொன்று ‘டேம்பிங்’. உள்ளே இருக்கும் ஆயில் சின்ன துவாரங்கள் வழியாகப் போய் வரும் வேகத்தைக் கட்டுப்படுத்துவது. இதில் அமுங்கும்போது ஒரு கணக்கு, திரும்ப எழும்போது ஒரு கணக்கு.

பிஎம்டபிள்யூ 2004-ல் கே 1200 எஸ் பைக்கில் இஎஸ்ஏ என்ற பெயரில் கொண்டு வந்தது இந்த இரண்டையும் மோட்டார் வைத்துத் திருப்பும் ஏற்பாடு. ‘தனியாக’, ‘லக்கேஜுடன்’, ‘இருவர்’ என்று நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டும். அதன் பிறகு வண்டி அதிலேயே நிற்கும். அடுத்த கட்டம்தான் ‘செமி ஆக்டிவ்’. 2012-ல் பிஎம்டபிள்யூ ஹெச்பி4, அடுத்த வருடமே டுகாட்டி மல்டிஸ்ட்ராடா 1200 எஸ். சக்கரம் எவ்வளவு ஏறி இறங்குகிறது, வண்டி எவ்வளவு சாய்ந்திருக்கிறது, பிரேக் பிடிக்கிறீர்களா என்பதையெல்லாம் சென்சார்கள் சொல்ல, ஆயில் போகும் வழியை வால்வுகள் மில்லி செகண்டுகளில் திறந்து மூடும். முன் பிரேக்கை அழுத்தினால் ஃபோர்க் இறுகும், பள்ளத்தில் விழுந்தால் இளகும். ‘செமி’ என்று சொல்லக் காரணம், அது சக்கரத்தைத் தானாகத் தூக்கி வைக்காது. தடையைக் கூட்டும், குறைக்கும். அவ்வளவுதான். எந்தக் கம்ப்யூட்டராலும் முக்கால் அடிப் பள்ளத்தைத் தார் போட முடியாது.

இதில் நம்ம ஊருக்கு உண்மையிலேயே பயன்படும் பாதி எது என்று கேட்டால், எல்லோரும் சிலாகிக்கும் டேம்பிங் இல்லை, ப்ரீலோட்தான் என்பேன். ஆடி வெள்ளிக்கிழமையில் படவேடு ரோட்டைப் பாருங்கள். கணவன், மனைவி, நடுவில் குழந்தை, பெட்ரோல் டேங்க் மேல் பை. தனி ஆளுக்கு செட் செய்த பின் ஷாக்கில் இவ்வளவு எடை ஏறினால் வண்டியின் பின்பக்கம் உட்கார்ந்துவிடும். விளைவு, இடுப்பு வலி மட்டுமில்லை. முன் சக்கரத்தின் மேல் எடை குறைந்து, வளைவில் வண்டி நினைத்த கோட்டை விட்டு வெளியே போகப் பார்க்கும். ஹெட்லைட் மேலே தூக்கி எதிரே வருபவரின் கண்ணைக் குத்தும். மலை ரோட்டில் இரவு இறங்கும்போது இது விளையாட்டில்லை. ஆள் ஏறியதைத் தானே உணர்ந்து ப்ரீலோடை ஏற்றும் சிஸ்டங்கள் இந்தப் பிரச்னையைச் சுத்தமாகத் தீர்க்கின்றன.

இன்னொரு பயன், உயரம். ஹார்லியின் பான் அமெரிக்கா 2021-ல் வந்தபோது, வண்டி நிற்கப் போகும்போது சஸ்பென்ஷன் தானே தாழ்ந்து கால் தரையைத் தொடவிடும் வசதியைக் கொடுத்தது. பிஎம்டபிள்யூ ஆர் 1300 ஜிஎஸ் பைக்கிலும் சுமார் 3 செ.மீ தாழும் ஏற்பாடு கிடைக்கிறது. ஐந்தரை அடி உயரத்தில் அட்வென்ச்சர் பைக் ஆசைப்படுபவருக்கு அந்த 3 செ.மீ-யின் அருமை தெரியும்.

சரி, விலை?

ஆர் 1300 ஜிஎஸ் 2024 ஜூனில் இந்தியாவுக்கு வந்தபோது ஆரம்ப எக்ஸ் ஷோரூம் விலையே 20.95 லட்சம். அதற்கு மேல் 2025 செப்டம்பர் 22-லிருந்து ஜிஎஸ்டி கணக்கும் மாறிவிட்டது. 350 சிசி வரை 18 சதவிகிதம், அதைத் தாண்டினால் 40 சதவிகிதம். முன்பு பெரிய பைக்குகளுக்கு செஸ் சேர்த்து 31 சதவிகிதமாக இருந்தது. ஆக, எலெக்ட்ரானிக் சஸ்பென்ஷன் இருக்கும் பைக்குகள் எல்லாமே அந்த 40-க்குள் மாட்டிக்கொண்டன.

அதற்காக மனம் தளர வேண்டாம். ஓசூர் பக்கம் திரும்புங்கள். படவேடுக்கும் டிவிஎஸ்ஸுக்கும் பழைய தொடர்பு உண்டு. அதன் ஸ்ரீநிவாசன் சர்வீசஸ் ட்ரஸ்ட் இந்தப் பகுதியில் பல வருடங்களாக வேலை செய்கிறது. அதே டிவிஎஸ் 2021-ல் அப்பாச்சி ஆர்ஆர் 310-க்கு ‘டைனமிக் கிட்’ என்று ஒன்றைக் கொடுத்தது. அப்போது கூடுதலாகச் சுமார் 12,000 ரூபாய். முன்னாலும் பின்னாலும் ப்ரீலோட், டேம்பிங் இரண்டையும் கையால் திருப்பி மாற்றிக்கொள்ளலாம். மோட்டார் இல்லை, சென்சார் இல்லை. கேடிஎம் 390 அட்வென்ச்சரிலும் கையால் திருகும் டேம்பிங் இருக்கிறது. பட்டன் செய்யும் வேலையில் பெரும்பகுதியை இவை செய்யும். நீங்கள் ஐந்து நிமிடம் இறங்கி நிற்கத் தயாராக இருந்தால்!

சின்ன பைக்குக்கு எலெக்ட்ரானிக் வருமா? 2025 ஆகஸ்ட்டில் ஹீரோ கிளாமர் எக்ஸ், 125 சிசி-யிலேயே க்ரூஸ் கன்ட்ரோலைக் கொடுத்துவிட்டதால் பலருக்கும் நம்பிக்கை. ஆனால், இரண்டும் ஒரே ஜாதி இல்லை. ஆக்ஸிலரேட்டர் கேபிளுக்குப் பதில் சென்சாரும் மோட்டாரும் வந்துவிட்டால், க்ரூஸ் கன்ட்ரோல் பெரும்பாலும் சாஃப்ட்வேர் வேலை. சஸ்பென்ஷனுக்கோ முன்னும் பின்னும் தனி வால்வுகள், சென்சார்கள், சேறும் தண்ணீரும் புகாத வயரிங் என எல்லாமே புது உலோகச் செலவு. உடனடியாக வரும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ரிவ்யூக்களில் யாரும் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. ஆயில் சீல் ஒழுகினால் சாதாரண ஃபோர்க்கைப் போளூரில் ஒரு மெக்கானிக் அண்ணன் அரை நாளில் பிரித்து மாட்டிக் கொடுத்துவிடுவார். எலெக்ட்ரானிக் ஷாக் பழுதானால் பொதுவாக ஏதோ ஒரு செட்டிங்கில் அப்படியே நின்றுவிடும். ஓட்டிக்கொண்டு வீடு வரலாம். ஆனால் சரிசெய்ய கம்பெனி கம்ப்யூட்டர் வேண்டும், பல நேரம் முழு யூனிட்டையே மாற்ற வேண்டும். வாரன்ட்டி முடிந்த செகண்ட் ஹேண்ட் பெரிய பைக் மேல் கண் வைத்திருப்பவர்கள், வாங்குவதற்கு முன்பு அந்த யூனிட்டின் விலையை சர்வீஸ் சென்டரில் கேட்டுவிடுங்கள்.

என் கணக்கு இதுதான். ஜோடியாக, லக்கேஜோடு, மாதம் இரண்டு முறை நீண்ட தூரம் போகிறவர், அந்த விலையில் பைக் வாங்கப்போகிறவர் என்றால் எலெக்ட்ரானிக் வேரியன்ட்டுக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் வீண் இல்லை. இரண்டு, மூன்று லட்சத்து பைக்கில் இருப்பவர்கள் இதற்காகக் காத்திருக்க வேண்டாம். ஜவ்வாது மலை வளைவுகளில் நீங்கள் போகும் 30, 40 கி.மீ வேகத்தில், தேய்ந்த டயரும் பழைய ஃபோர்க் ஆயிலும் கெடுப்பதை எந்த சென்சாரும் சரிக்கட்டாது.

அடுத்த ட்ரிப்புக்கு முன் ஒரு டேப்பை எடுங்கள். பின் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஆக்ஸிலுக்கும் நேர் மேலே சீட் ஓரத்துக்கும் உள்ள தூரத்தை அளந்துகொள்ளுங்கள். பிறகு வண்டியை இறக்கி, வழக்கமான ஆளும் பையும் ஏறியபின் நண்பரை விட்டு மறுபடி அளக்கச் சொல்லுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், சக்கரம் மொத்தமாக ஏறி இறங்கும் தூரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் இருந்தால் நல்லது. ஹிமாலயன் 450-க்கு அந்தத் தூரம் 200 மி.மீ, எனவே 60 மி.மீ அளவில் இருந்தால் போதும். அதிகம் அமுங்கினால் ப்ரீலோடை ஒரு படி ஏற்றுங்கள். சி வடிவ ஸ்பேனர் சில வண்டிகளில் டூல் கிட்டிலேயே இருக்கும். இல்லையென்றால் தெருமுனை மெக்கானிக்கிடம் நிச்சயம் இருக்கும். வளையம் துருவில் பிடித்திருந்தால் முந்தைய நாள் இரவே கொஞ்சம் எண்ணெய் விட்டு வையுங்கள்.