வெள்ளரிக்காய் மேல் விழுந்த பழி

இறக்குமதியாகும் காய்கறியால் நோய் வந்துவிட்டால், அது எந்த நாட்டுக் காய் என்பதே அரசியல் மேடையில் எழும் முதல் கேள்வி. எந்த விதை, எந்தத் தண்ணீர், எவர் கைபட்டது என்பதெல்லாம் பிறகுதான். கேள்விகள் இப்படி முன்பின்னாக மாறினால் என்ன கேடு விளையும் என்பதற்கு, 2011இல் ஐரோப்பாவில் நடந்தது நல்ல உதாரணம்.

அவ்வாண்டு மே மாதம் வட ஜெர்மனியில் இரத்தக் கழிச்சல் பரவியது. பலருக்குச் சிறுநீரகம் பழுதுபட்டது. ஈ.கோலை என்னும் குடல் கிருமியின் கொடிய வகை ஒன்றே காரணம். ஜெர்மனியில் மட்டும் 3,800 பேருக்கு மேல் நோயுற்றனர். 53 பேர் மாண்டனர். தக்காளி, வெள்ளரி, பச்சடிக் கீரை ஆகியவற்றைப் பச்சையாக உண்ண வேண்டாம் என்று மே 25 அன்று எச்சரிக்கை வந்தது. மறுநாளே, ஸ்பெயினிலிருந்து வந்த வெள்ளரியில் கிருமி இருப்பதாக ஹாம்பர்க் நகர சுகாதாரத் துறை அறிவித்தது.

அப்போது ஐரோப்பா கடன் நெருக்கடியில் தவித்துக்கொண்டிருந்தது. கிரீஸ், ஸ்பெயின், போர்ச்சுகல் மக்கள் ஜெர்மானியரைவிட முன்னதாக ஓய்வு பெறுவதும் அதிக விடுமுறை எடுப்பதும் சரியல்ல என்ற கருத்தில், ஜெர்மன் பிரதமர் அங்கெலா மெர்கல் மே 17 அன்றுதான் பேசியிருந்தார். உழைக்கும் வடக்கு, சோம்பல் தெற்கு என்ற ஒப்பீடு சூடாக இருந்த வேளையில் வெள்ளரிச் செய்தி வந்து சேர்ந்தது. அதை நம்ப அதிக ஆதாரம் தேவைப்படவில்லை போலும்.

ஐந்தே நாளில் உண்மை தெரிந்தது. வெள்ளரியில் இருந்த கிருமி வேறு. நோயாளிகளிடம் இருந்த கிருமி வேறு. அதற்குள் ஸ்பெயினில் காய்கள் விலைபோகாமல் குவிந்துவிட்டன. வாரத்துக்கு 20 கோடி யூரோ நஷ்டம் என்று சாகுபடியாளர் தரப்பு கணக்குச் சொன்னது. ஆண்டலூசியா மாநில வேளாண் அமைச்சர் பத்திரிகைக்காரர்கள் முன்னிலையில் வெள்ளரியைக் கடித்துக் காட்டினார். ஸ்பெயின் உறுப்பினர் ஒருவர் ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் வெள்ளரிக்காயைத் தூக்கிப் பிடித்து அதன் மானத்துக்காக வாதாடினார். ஜூன் 2 அன்று ரஷ்யா, ஐரோப்பிய ஒன்றியத்துப் பச்சைக் காய்கறி அனைத்துக்கும் தடை போட்டது. ஜெர்மனி ஸ்பெயினைச் சுட்டியது. ரஷ்யா எல்லோரையும் சேர்த்துச் சுட்டியது.

ஹாம்பர்க் அதிகாரிகள் மீது முழுப் பழியும் போடுவது நியாயமல்ல. ஆட்கள் செத்துக்கொண்டிருக்கையில் எச்சரிக்காமல் இருக்க முடியாது. அந்த வெள்ளரியிலும் ஏதோ ஒரு கிருமி இருக்கத்தான் செய்தது. ஆகவே ஸ்பெயின் தரப்பு நெஞ்சு நிமிர்த்தவும் அதில் ஒன்றுமில்லை. ஆனால் வெள்ளரிக் கிருமியையும் நோயாளியின் கிருமியையும் ஒப்பிட்டு முடிக்கும் முன்பே ஒரு நாட்டின் பெயரைச் சொன்னது பெரும் தவறு. அமைச்சர் ஒரு காயைத் தின்று உயிரோடு இருப்பதும் எதையும் நிரூபிக்காது.

உண்மையைக் கண்டுபிடித்த விதம் கவனிக்கத் தக்கது. என்ன சாப்பிட்டீர்கள் என்று நோயாளிகளைக் கேட்டபோது, பலருக்கு முளைப்பயறு நினைவிலேயே இல்லை. உணவின்மேல் அலங்காரமாகத் தூவியதை யார் நினைவில் வைப்பார்? எனவே ஆய்வாளர்கள், ஓர் உணவகத்தில் உண்ட கூட்டத்தார் என்னென்ன கேட்டு வாங்கினர் என்று பார்த்து, அந்தந்தப் பண்டத்தில் என்ன சேர்த்தீர்கள் என்று சமையற்காரரிடம் விசாரித்தனர். முளை சேர்ந்த உணவு உண்டவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு சுமார் 14 மடங்கு அதிகம் என்று தெரிந்தது. அந்த முளைகள் வந்தது ஜெர்மனியிலேயே, பீனன்பியூட்டல் என்ற ஊரிலுள்ள இயற்கை வேளாண் பண்ணை ஒன்றிலிருந்து.

முளை வளர்ப்பவர்கள் இதை உணர வேண்டும். விதையில் ஒட்டிய கிருமி சிறிதளவே ஆனாலும், முளைகட்டும் ஈரமும் வெதுவெதுப்பும் அதற்குத் தொட்டில்போல ஆகிவிடுகின்றன. இரண்டு மூன்று நாளில் அது பல்கிப் பெருகும். பிறகு மேலோடு கழுவினால் போகாது. நன்றாக வேகவைத்தால்தான் சாகும். நம் வீடுகளில் வெந்தயத்தை முளைகட்டிப் பச்சையாக உண்போருக்கும் இது பொருந்தும்.

பிரான்சில் போர்தோ அருகிலும் சிலருக்கு இதே நோய் கண்டபோது, இரு இடத்துக்கும் பொதுவாக நின்றது வெந்தயம். 2009இல் எகிப்திலிருந்து வந்த 15,000 கிலோ கொண்ட ஒரு சரக்கே பெரும்பாலும் மூலம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2011 ஜூலையில் கூறியது. எகிப்து மறுத்தது. பரிசோதித்த விதைகளில் அக்கிருமி கிடைக்கவில்லை. சரக்கு சென்ற வழியைத் தொடர்ந்தே அந்த முடிவுக்கு வந்தனர். எகிப்து விதைகளுக்குத் தடை விழுந்தது. ஒன்றிய நாடுகளின் காய்கறி விவசாயிகளுக்கு 20 கோடி யூரோவுக்கு மேல் இழப்பீடு ஒதுக்கப்பட்டது. எகிப்தில் வெந்தயம் பயிரிட்டவருக்கு அந்தக் கணக்கில் இடமில்லை. வெள்ளரிக்காக மானம் கேட்டவர்கள் வெந்தயத்துக்காக வாய் திறந்ததாகத் தெரியவில்லை.

2013இல் ஒன்றியம் கொண்டுவந்த விதிகள் மட்டும் உருப்படியானவை. முளைக்கான விதை எங்கிருந்து எங்கே போயிற்று என்று ஒவ்வொரு கைமாற்றத்திலும் எழுதி வைக்க வேண்டும். முளை வளர்க்கும் இடத்துக்கு அனுமதி வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரும் விதையானால், அது சுகாதார முறைப்படி விளைந்தது என்ற சான்றிதழும் உடன் வர வேண்டும். எகிப்து என்றோ ஸ்பெயின் என்றோ அதில் பிரித்துப் பேசவில்லை. இந்தியாவிலிருந்து முளைக்காக வெந்தயம் அனுப்புகிறவருக்கும் அதே நிபந்தனைதான். மசாலாவுக்கு விற்கும் மூட்டையைப் பெயர் மாற்றி அதற்கு அனுப்ப முடியாது.