தொடக்க இருப்பு எங்கே?

கணக்கு எழுதுவோர் யாவரும் கற்கும் பாலபாடம் ஒன்று உண்டு. தொடக்க இருப்பை மறைத்து இறுதி இருப்பை மட்டும் காட்டும் கணக்கைத் தணிக்கையாளர் ஏற்கமாட்டார். அலுவலகத்தில் நூறு ரூபாய்ச் செலவுக்குக்கூடப் பொருந்தும் இந்நெறி, இல்லந்தோறும் புகுந்து பெண்டிரின் முகத்துக்கு விலைபேசும் தொலைக்காட்சி ஒப்பனைச் செயல்விளக்கங்களுக்கு மட்டும் பொருந்தாமற் போனது ஏன்?

அக்காட்சியை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். உயர்ந்த நாற்காலியில் ஒரு நங்கை அமர்ந்திருக்கிறாள். ஒப்பனைக் கலைஞர், இவள் முகம் இயற்கையான முகம் என்று அறிவித்துவிட்டுப் பூச்சைத் தொடங்குகிறார். அந்த இயற்கை முகத்தை உற்று நோக்குங்கள். பருவின் வடு இல்லை, மங்கு இல்லை, கண்ணடியில் கருவளையம் இல்லை. வயதோ இருபதைச் சுற்றி. மறைப்பதற்கு ஏதுமில்லாத முகத்தின்மேல் மறைப்புப் பூச்சின் ஆற்றலை மெய்ப்பிப்பது, நீந்தத் தெரிந்தவனுக்கு மிதவை கட்டிவிட்டு மிதவையின் பெருமையைப் பாடுவதை ஒக்கும். நாம் கண்டு மயங்குவது அவளுடைய தோலை. காசு கொடுத்து வாங்குவதோ பூச்சை. நாற்பது வயதில், அடுப்பனலிலும் பேருந்துப் புழுதியிலும் வாடிய முகத்தில் அதே பூச்சைத் தடவிப் பார்க்கும் தாய், பயன் காணாதபோது பொருளைக் குறை கூறுவதில்லை; தன் முகத்தையே நொந்துகொள்கிறாள். இதுவே இவ்வாணிகத்தின் சூழ்ச்சி.

ஒளியின் சூழ்ச்சி மற்றொன்று. எதிரே பரவலான மென்னொளியைப் பாய்ச்சினால் தோலின் மேடுபள்ளங்கள் மறையும். மேலிருந்தோ பக்கவாட்டிலோ கடுமையான ஒளி விழுந்தால் ஒவ்வொரு துளையும் நிழல் கொள்ளும். பூச்சுக்கு முன்னர் ஓர் ஒளி, பின்னர் ஓர் ஒளி என்று மாற்றினாலே போதும். பூச்சே இல்லாமலும் முகம் மாறிவிடும். படக்கருவியும் நடுநிலை வகித்ததில்லை. கோடாக் நிறுவனத்தின் வண்ணப்படங்களைச் சரிபார்க்க அச்சகங்களில் நெடுங்காலம் பயன்பட்ட ‘ஷர்லி அட்டை’யில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் உருவமே. அவளுடைய நிறம் சரியாக விழுந்தால் படம் சரி என்று கொண்டனர். கரிய முகங்கள் இருளில் அமிழ்ந்தன. குற்றம் முகத்தின்மேல் சுமத்தப்பட்டது.

நம் நாட்டிலோ நிலைமை இன்னும் கொடிது. இங்கே கரிய தோலுக்கு நெடுங்காலமாகக் கிடைத்த இடம், ‘முன்’ என்று காட்டப்படும் படத்தில் மட்டுமே. 1975ஆம் ஆண்டு ‘ஃபேர் அண்ட் லவ்லி’ சந்தைக்கு வந்தது. கறுத்த மகள் வாடியிருப்பாள். வெளுத்தபின் வேலையும் மணமும் தேடி வரும் என்பதே அதன் விளம்பரங்கள் ஓதிய பாடம். அனைத்திந்திய சனநாயக மாதர் சங்கம் போராடியதன் பயனாக, 2003இல் அவற்றுள் சில நிறுத்தப்பட்டன. நிறத்தைக் காட்டி எவரையும் தாழ்த்தலாகாது என்று விளம்பரத் தர மன்றம் 2014இல் விதி வகுத்தது. 2020இல் அப்பூச்சின் பெயரே ‘குளோ அண்ட் லவ்லி’ என மாறியது. பெயர் மாறியதை மறுக்கவில்லை. பார்வை மாறியதா என்பதே என் கேள்வி. ‘வெளுப்பு’ என்ற சொல் அகன்ற இடத்தில் ‘ஒளிர்வு’ என்ற சொல் அமர்ந்திருக்கிறது, நாற்காலி அதேதான்.

அறிவியல் கூறுவதையும் கேட்போம். நிறமியைச் சுரக்கும் உயிரணுக்களின் எண்ணிக்கை வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் ஏறத்தாழ ஒன்றே. அவை சுரக்கும் மெலனினின் அளவும் வகையுமே வேறு. அந்நிறமி வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுத்து நிற்கும் கவசம். அக்கவசத்தைக் குறையென்று நம்பிய பெண், செயல்விளக்கப் பூச்சு பயனளிக்காதபோது, அடுத்து எதை நாடுவாள்? தோல் வெளுப்புப் பூச்சுகள் சிலவற்றில் சிறுநீரகத்தைக் கெடுக்கும் பாதரசம் கலந்திருந்ததனாலேயே, 2013இல் உருவான மினமாட்டா உடன்படிக்கை அதற்குத் தடை வகுக்க நேர்ந்தது. ஆகவே இது வெறும் அலங்காரச் செய்தியன்று, உடல்நலச் செய்தி.

தமிழராகிய நமக்கு இம்மயக்கம் இரட்டை இழிவு. சங்கப் புலவர்கள் தலைவியின் அழகை மாந்தளிர் போன்ற ‘மாமை’ என்று போற்றினர். அந்நிறம் மங்கி வெளிறுவதைப் ‘பசலை’ என்று நோயாகக் கண்டனர். வள்ளுவர் ‘பசப்புறு பருவரல்’ என ஓர் அதிகாரமே வகுத்து, வெளிறுதலின் துயரைப் பத்துக் குறட்பாக்களில் வடித்தார். அம்மரபில் வந்த நாம், மணமக்கள் தேவை விளம்பரத்தில் ‘சிவந்த நிறம்’ கேட்கிறோம்! பள்ளியில் நிறத்தைச் சுட்டும் பட்டப்பெயரைக் கேட்டுத் தலைகுனிந்து வீடு திரும்பும் நம் பெண்பிள்ளைக்கு, வீட்டுத் தொலைக்காட்சியும் அதே பட்டத்தைச் சூட்டினால் அவள் எங்கே போவாள்?

ஒப்பனையே கூடாதென்று கூறுகிறாயா எனச் சிலர் வினவக்கூடும். இல்லை. சங்க மகளிரும் தோளில் தொய்யில் எழுதினர். கண்ணுக்கு மை தீட்டினர். தன்னை அழகுபடுத்திக்கொள்வது பெண்ணின் உரிமை. ஆனால் தொய்யில் தோலை அழகு செய்தது. தோலை ஒளித்து வைக்கவில்லை. கூத்தில் வேடம் புனைபவனும் இது வேடம் என்று அவையறியவே ஆடுகிறான். வேடத்தை இயற்கையென்று விற்பதையே எதிர்க்கிறேன்.

வேண்டுவன மிகுதியல்ல. செயல்விளக்கத்துக்கு முன் முகத்தில் தடவியவை அனைத்தையும் சொல்லட்டும். முன்னும் பின்னும் ஒரே ஒளியில் காட்டட்டும். கரிய தோல், மங்கு படர்ந்த தோல், ஐம்பதைக் கடந்த தோல் ஆகியவற்றின்மேல் அதே பூச்சைப் பூசிக் காட்டட்டும். பகல் வெளிச்சத்தில் சில மணி நேரம் கழித்து அம்முகம் எவ்வாறு உள்ளது என்பதையும் காட்டட்டும். இவற்றுக்கு அஞ்சும் பொருள் வாங்கத்தக்க பொருளன்று.

நம் கடமையும் ஒன்று உண்டு. பொங்கல் விழா மேடையேறும் நம் குழந்தைகளுக்கு, அவர்களுடைய நிறத்துக்கு இரண்டு படி மேலான வெள்ளைப் பூச்சை அப்பும் வழக்கத்தை இவ்வாண்டோடு நிறுத்துவோம். ஆண்டாள் வேடமிடும் சிறுமி தன் சொந்த நிறத்திலேயே மேடையேறட்டும். அந்த முகத்தை முதலில் நாம் கண் குளிரக் காணப் பழகுவோம். தொலைக்காட்சி பிறகு தானே பழகும்.