தினப்பாதையும் நெடும்பாதையும்

மோட்டார் வண்டி வாங்கக் கருதும் நம்மவருட் பலர், வருஷத்தில் நான்கு நாள் போகும் நெடும் பிரயாணத்தை உளங்கொண்டே வண்டியைத் தெரிந்தெடுக்கின்றனர். ஏனைய நாட்களில் அஃது எங்கே ஓடப்போகின்றது என்று எண்ணுவதில்லை. கல்லூரியை விட்டு உத்தியோகத்திற் புகுந்தவுடன் கடன் பத்திரத்திற் கையொப்பமிட விரையும் இளைஞர்க்கே இதனை முக்கியமாகச் சொல்லுகின்றோம்.

ஆவடியில் வசித்துக் கிண்டியில் வேலை பார்க்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். திருமுல்லைவாயிலும் அம்பத்தூரும் தாண்டிப் பாடியை அடைவதற்குள் எத்தனை முறை நிற்றல், எத்தனை முறை புறப்படுதல்! புறப்படுந்தோறும் எஞ்சின் வண்டியின் எடை முழுவதற்கும் வேகம் ஊட்டுகின்றது. பிரேக்கை மிதிக்குந்தோறும் அவ்வேகம் உஷ்ணமாய் வியர்த்தமாகின்றது. ஆதலின் இப்பாதையில் எடையே பெட்ரோலைக் குடிப்பது. நாளொன்றுக்கு 40 கிலோமீட்டராக 300 நாளைக்கு 12,000 கிலோமீட்டர். லிட்டருக்குப் பன்னிரண்டு ஓடும் பெருவண்டிக்கு 1,000 லிட்டரும், பதினெட்டு ஓடும் சிறுவண்டிக்கு 667 லிட்டரும் வேண்டும். லிட்டர் 100 ரூபாயென்று கொண்டால் வித்தியாசம் முப்பத்து மூவாயிரத்துக்கு மேல்! விளம்பரத்திற் காணும் கணக்கோ பரிசோதனைச் சாலையில் உருளைகளின்மேல் ஓட்டிக் கண்டது. அங்கே அம்பத்தூர் நெரிசல் இல்லை.

டீசல் வண்டி சிக்கனமன்றோ எனின், நெடும்பாதையில் ஆம். ஆனால் 2020 முதல் அமுலிலுள்ள பி.எஸ். 6 விதிக்கேற்பப் பொருத்தப்பட்ட கரி வடிகட்டி, குறுந்தூர ஓட்டத்தில் போதிய சூடேறாமல் அடைபட்டு வருத்தும்.

இனி, பூந்தமல்லியைக் கடந்து பெங்களூர்ச் சாலையிற் சென்றால் நிலைமை வேறு. அங்கே காற்றே பகைவன். மணிக்கு 80 கிலோமீட்டரிலிருந்து 100க்கு உயர்ந்தால் காற்றின் தடை ஒன்றரை மடங்குக்கு மேலாகின்றது. உயர்ந்தகன்ற பெருவண்டிக்கு இச்சாலையிலும் நஷ்டமே. 1983இல் வெளிவந்த மாருதி 800க்கு எஞ்சின் 796 சி.சி.தான், 1998இல் பூந்தமல்லிக்கு மேற்கே இருங்காட்டுக்கோட்டையில் உருவான சாண்ட்ரோவுக்கு 999. இவற்றிலேயே எத்துணைக் குடும்பங்கள் உதகை ஏறி இறங்கின!

2015, 2023 ஆகிய ஆண்டுகளின் டிசம்பர் வெள்ளங்களைக் காட்டி, உயர்ந்த வண்டியே வேண்டுமென்பாரும் உளர். அச்சம் நியாயமே. ஆயினும் எஞ்சினைக் கெடுப்பது காற்று புகும் வாயிலில் நீர் ஏறுதலாம். நீர் அமுக்கத்திற்கு இணங்காதாதலின் இணைப்புத் தண்டு வளைந்துபோகும். இடுப்பளவு வெள்ளத்தில் உயர்ந்த வண்டியையும் ஓட்டலாகாது. மழைக்குழிகளுக்கோ, தரையினின்று 170 மில்லிமீட்டர் உயர்ந்த சிறுவண்டிகளே கிடைக்கின்றன.

ஏழெட்டுப் பேராய் வேளாங்கண்ணிக்கோ ஏலகிரிக்கோ போகும்போது இடம் போதாதேயெனின், அந்நாட்களுக்குப் பெருவண்டி ஒன்றை வாடகைக்கு அமர்த்திக்கொள்ளலாம். அதற்கான பணம் மேற்சொன்ன மிச்சத்திலேயே இருக்கின்றது.