வீடு மாறினால் விலாசம் சொல்லிவிட்டுப் போங்கள்

இணையத்தில் '404' என்ற எண்ணைப் பார்க்காதவர் நம்மில் உண்டா? 'நீ கேட்ட பக்கம் இங்கே இல்லை' என்று சர்வர் கைவிரிக்கும் எண் அது. 2013-இல் இருந்த பக்கங்களில் நூற்றுக்கு 38, 2023-இல் கிடைக்கவில்லை என்கிறது அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம்.

பக்கம் தானாகவா ஓடிப் போகிறது? புது டிசைன் போடுறோம்னு சொல்லி ஃபைல் பெயரையும் ஃபோல்டரையும் மாற்றிவிடுகிறார்கள். என் பிராஜெக்ட் ரிப்போர்ட்டில் ஆதாரமாகக் கொடுத்த இரண்டு முகவரிகள் வைவா அன்று திறக்கவில்லை. தளத்தை மாற்றியவர் யாரோ. எக்ஸ்டர்னல் சந்தேகமாய்ப் பார்த்தது என்னை!

இத்தனைக்கும் மருந்து கையிலேயே இருக்கிறது. பழைய முகவரிக்கு வருபவரைப் புது முகவரிக்கு அனுப்பி வைப்பது '301'. தபால்காரரிடம் புது விலாசம் கொடுத்துவிட்டுப் போகிற மாதிரிதான். சர்வரில் ஒரு வரி எழுதணும், அவ்வளவே. அடியோடு எடுத்துவிட்ட பக்கம் என்றால் '410' போட்டு நேர்மையாகச் சொல்லிவிடலாம்.

வராமல் தடுப்பது இன்னும் மேல். வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ, முகவரியில் ஃபைல் வகையையும் மென்பொருளின் அடையாளத்தையும் சேர்க்காதீர்கள் என்று 1998-லேயே எழுதினார். '.பிஎச்பி' என்று முடியும் முகவரி, நாளை மென்பொருள் மாறினால் அதோடு உடன்கட்டை ஏறும். இன்னமும் சேர்க்கிறார்களே!

மாதம் ஒருமுறை லிங்க் செக்கர் ஓட்டுவது நல்லதுதான். ஆனால் அது நம் பக்கத்திலிருந்து கிளம்பும் இணைப்புகளை மட்டுமே சோதிக்கும். வெளியிலிருந்து வந்து ஏமாந்து திரும்பியவர்களின் கணக்கு சர்வரின் லாக் ஃபைலில் கிடக்கிறது. அதைத் திறந்து பார்க்கிற ஆளை நான் இன்னும் சந்திக்கவில்லை.