லடாக் போகிறீர்களா? முதல் இரண்டு நாள் படுத்துக் கிடங்கள்!

கோடை லீவு என்றால் ஊட்டி, கொடைக்கானல் என்றிருந்த காலம் போய், இப்போது கைக்குழந்தையோடு லடாக்குக்கே கிளம்பிவிடுகிறார்கள். போகட்டும், சந்தோஷம்தான். ஆனால் ஊட்டி சுமார் 7,300 அடி; லே நகரமோ 11,500 அடி. டில்லியில் விமானம் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் அங்கே இறக்கிவிட்டுவிடுவார்கள். உடம்பு அத்தனை சீக்கிரம் பழகுமா? மூச்சுக்குக் கிடைக்கிற பிராணவாயு அங்கே நம் ஊரைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. தலைவலி, குமட்டல், தூக்கமின்மை எல்லாம் அதனால்தான்.

என் நாத்தனார் மகள் புறப்பட்டபோது சொன்னேன்: "முதல் ரெண்டு நாள் ரூமை விட்டு நகராதேடி. கர்துங் லா கணவாய் 17,000 அடிக்கு மேலே இருக்கு. அது எங்கேயும் ஓடிப் போயிடாது!"

பெரியவர்கள் தலை வலித்தால் சொல்வார்கள். ரெண்டு வயசுக் குழந்தை என்ன சொல்லும்? சாப்பிடாமல், விளையாடாமல் நைநை என்று அழும். பயண அலுப்பு என்று விட்டுவிடாதீர்கள். மேற்கொண்டு உயரம் ஏறவே கூடாது. சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நடை தள்ளாடினாலோ, ராத்திரி என்று பார்க்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். உயரத்திலிருந்து கீழே இறக்குவதுதான் இதற்கு முதல் வைத்தியம். தூக்க மாத்திரை மட்டும் வேண்டவே வேண்டாம். இதய நோயோ, ஆஸ்துமாவோ, ரத்தசோகையோ உள்ளவர்கள் டிக்கெட் வாங்கும் முன்பே டாக்டரைக் கேட்டுவிடுங்கள்.